மூன்று மணி வெயிலில் கறுப்புத் திரை

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி நன்றாக இருப்பாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். மூன்று வாரமாக உன் போனை நான் எடுக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் அப்பாதான் எடுத்து, அம்மா குளிக்கிறாள் என்று சொல்கிறார். ஒரு மனுஷி மூன்று வாரமாகவா குளிப்பாள் என்று நீயும் கேட்கவில்லை. மனதில் கிடப்பதைப் போனில் சொன்னால் நீ நடுவில் பேசுவாய், பேசிப் பேசி என்னைச் சமாதானம் செய்துவிடுவாய், எனக்கு இப்போது சமாதானம் வேண்டாம், அதனால்தான் காகிதம். சின்னவளுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, உனக்குச் சொல்லியிருப்பாள். அப்பாவின் முழங்கால் வலி படியேறும்போது மட்டும் வருகிறது, அடுக்குமாடி லிப்ட் மாதத்தில் பாதி நாள் படுத்துக்கொள்வதால் அது தினமும் வருகிறது. போன தடவை நீ வந்தபோது அவர் போனை டார்க் மோடில், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாகப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாய் இல்லையா, அதை மாற்றத் தெரியாமல், மாற்றச் சொல்லிக் கேட்கவும் கௌரவம் விடாமல், பால்கனி வெயிலில் நின்றுகொண்டு ஒரு கையைக் குடை மாதிரிப் பிடித்துக் கிணற்றை எட்டிப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார். கேட்டால் சார்ஜ் மிச்சமாகிறதாம். எங்கள் கட்டடத்தின் அடித்தளத்தில் வண்டி நிறுத்துமிடத்துக் காவலாளியும் அதைத்தான் வைத்திருக்கிறார், ஆனால் அவருக்கு அது பொருத்தம், மங்கல் வெளிச்சத்தில் உட்கார்ந்திருப்பவர், வெள்ளைத் திரையைப் பார்த்துவிட்டுத் தலை நிமிர்ந்தால் எதிரே வருகிறவர் தெரியாதாம். எனக்கு அந்தக் கறுப்பின் மேல் தனியாகக் கோபம் எதுவும் இல்லை என்று நீ புரிந்துகொள்ளத்தான் இதைச் சொல்கிறேன். என் அருவருப்பெல்லாம் ஆட்கள் மேல்தான், அதில் முதல் ஆள் நான்.

எங்கள் பரிசோதனைக்கூடத்தில் நானும் உன் டீச்சர் அத்தையும் இருபத்திரண்டு வருடமாகப் பக்கத்துப் பக்கத்து நாற்காலி என்பது உனக்குத் தெரியும். அவள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் எடுத்ததில்லை, யார் எதை எழுதினாலும் எழுத்துப்பிழை திருத்துவதால் வந்த பட்டப்பெயர் அது, நீ சின்ன வயதில் அதோடு அத்தையைச் சேர்த்துக்கொண்டாய். இரத்தத்தைச் சோதித்து இயந்திரம் தரும் எண்கள் எங்கள் திரைக்கு வரும், நாங்கள் பார்த்துச் சரி என்று அனுப்பினால் டாக்டருக்குப் போகும், உயிருக்கு ஆபத்தான எண் எதுவும் இருந்தால் அது சிவப்பில் வரும், சிவப்பைப் பார்த்தால் அடுத்த நிமிஷம் நாங்கள் டாக்டரைப் போனில் கூப்பிட வேண்டும். வேலை அவ்வளவுதான். ஆறு மாதத்துக்கு முன்பு மேனேஜர் ஒரு புகைப்படக்காரரைக் கூட்டிவந்தார், முன்கூடத்தில் மாட்டப் படம் வேண்டுமாம். வெள்ளைத் திரை படத்தில் வெளிறிக் கிடக்கிறதாம், கறுப்பாக இருந்தால் பார்க்க நவீனமாக இருக்குமாம். மறுநாள் காலையில் போய் உட்கார்ந்தால் எல்லாத் திரையும் கறுப்பு. படம் எடுத்த பிறகாவது மாற்றினார்களா என்றால் இல்லை, அப்படியே பூட்டிவிட்டார்கள், நாங்கள் தொட்டு மாற்றவும் முடியாது. அவர் அறையில் திரைச்சீலை உண்டு, எங்கள் முதுகுக்குப் பின்னால் மேற்குப் பார்த்த பெரிய ஜன்னல், சீலை கிடையாது. மூன்று மணி ஆனால் வெயில் நேராகத் திரையில் வந்து விழும், அப்போது அதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் என் மூஞ்சிதான். டீச்சருக்கு அதைவிட மோசம், அவள் கண்ணாடியில் பார்வைக் கோணலுக்கான சிலிண்டர் பவர் இருக்கிறது, கறுப்பின் மேல் வெள்ளை எழுத்து அவளுக்குப் புகைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறதாம். சிவப்பு என்பது கறுப்பில் சிவப்பாகவே இல்லை, காய்ந்த காயம் மாதிரி மங்கிக் கிடந்தது. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தே போய்ச் சொன்னோம், ஒரு தடவையல்ல, இரண்டு தடவை. முதல் தடவை, "உலகமே டார்க் மோடுக்கு வந்துடுச்சு, நீங்க ரெண்டு பேரும் இன்னும் டியூப்லைட் காலத்துலயே இருக்கீங்க" என்று சிரித்தார். இரண்டாம் தடவை டீச்சரைப் பார்த்து, "கண்ணுல கோளாறுன்னா கண் டாக்டர்கிட்ட போங்கம்மா, என்கிட்ட ஏன் வர்றீங்க" என்றார். அதற்குப் பிறகு மூன்று மணி ஆனால் அவள் ஒரு அட்டையைக் கையில் பிடித்து வெயிலை மறைத்துக்கொண்டே வேலை பார்த்தாள், கை வலித்தால் அட்டையை எனக்குத் தருவாள்.

அப்புறம் அந்தப் பேருந்து ஓட்டுநர். சிறுநீரகத்தில் கோளாறு உள்ளவர், மத்தியானம் இரத்தம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார். அவருடைய பொட்டாசியம் ஆறு புள்ளி ஒன்பது, அந்த அளவு இருந்தால் இதயம் எந்த நிமிஷமும் நிற்கலாம். அது மூன்றேகாலுக்கு டீச்சர் திரையில் வந்தது, அவள் கண்ணுக்கு அது மற்ற எண்களில் ஒன்றாகத் தெரிந்தது, அனுப்பிவிட்டாள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. மறுநாள் விடிந்ததும் வண்டி எடுக்கப் போன மனிதர் பணிமனைக் குழாயில் முகம் கழுவும்போதே விழுந்தார், இதயம் நின்றேவிட்டது, பக்கத்தில் இருந்த நடத்துநர் மார்பை அமுக்கி அமுக்கித்தான் மீட்டார். இன்னும் பத்து நிமிஷம் கழித்து விழுந்திருந்தால் பின்னால் நாற்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள். மூன்றாம் நாள் அவர் மனைவி எங்கள் முகப்புக்கு வந்து அச்சடித்த அறிக்கையை நீட்டினாள். வெள்ளைத் தாளில் அந்த எண் தடித்த எழுத்தில், பக்கத்தில் ஒரு நட்சத்திரத்தோடு பளிச்சென்று நிற்கிறது. "எழுதப் படிக்கத் தெரியாத என் கண்ணுக்கே இது தெரியுதே, இங்க யாருமே பாக்கலையா?" என்று கேட்டாள். சத்தம்கூடப் போடவில்லை. டீச்சர் அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவள்தான், அன்று சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை.

அன்றைக்கே அவளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள், விசாரணை என்றார்கள். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு ஒரு தாளை வைத்தார், திரை எப்போதும் தெளிவாகத் தெரிந்தது, இதுவரை எவரும் குறை சொன்னதில்லை, கவனக்குறைவு தனிப்பட்டது என்று அதில் அடித்திருந்தது. ஒரு நாள் யோசித்துச் சொல்லுங்கள் என்றார், அந்த ஒரு நாளில்தான் நான் உன்னைக் கூப்பிட்டேன். நீ என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? "போட்டுட்டு வாம்மா, உனக்கு ரிடையராக இன்னும் ரெண்டு வருஷம்தான், டீச்சர் அத்தை வயசுக்கு அவங்க எப்படியும் போகவேண்டியவங்கதான்" என்றாய். பின்னால் ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, நீ அதன் சத்தத்தைக்கூடக் குறைக்கவில்லை. உனக்கு அம்மை போட்டிருந்தபோது எனக்கு லீவு கிடைக்காமல் அவள் தன் லீவைப் போட்டுவிட்டு ஒன்பது நாள் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள். அவளைத்தான் நீ போகவேண்டியவள் என்றாய். எனக்கு உன் மேல் அருவருப்பு வந்தது, மறைக்காமல் எழுதுகிறேன். ஆனால் நீ சொன்னதால் போட்டேன் என்று உன் தலையில் கட்டமாட்டேன், கை என்னுடையது. மறுநாள் போய்ப் போட்டேன். மேனேஜர் தன் பேனாவை மெல்லிய தாளால் துடைத்துக் கொடுத்தார், நான் போட்டு முடித்ததும் வாங்கி மறுபடி துடைத்தார். பிறகு தேதியைப் பார்க்கத் தன் போனை எடுத்தார். திரை வெள்ளை வெளேரென்று, எழுத்து ஒவ்வொன்றும் கடலை அளவுக்கு. உங்கள் போன் வெள்ளையாக இருக்கிறதே சார் என்று கேட்டுவிட்டேன். "வயசாகுதுல்ல, கறுப்புல எனக்கு ஒரு எழுத்தும் பிடிபட மாட்டேங்குதும்மா" என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். இனிமேல் அவனுக்கு ர் போட்டு எழுத எனக்குக் கை வரவில்லை, பொறுத்துக்கொள். நானும் அவனைவிட எந்த விதத்திலும் உசத்தி இல்லை, அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டும் தாளைத் திருப்பிக் கேட்காமல் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தேனே. கழிப்பறைக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவினேன், சீ, அது சோப்பில் போகிற அழுக்கா. ஆறு நாள் அவளுடைய காலி நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தேன். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தேன். அந்த அட்டை அவள் மேசையிலேயே கிடந்தது, எடுத்து வெயிலை மறைத்துக்கொள்ளவும் எனக்கு வெட்கம்.

ஏழாம் நாள் விசாரணைக்கு வெளியிலிருந்து ஒரு டாக்டரம்மாவை அனுப்பியிருந்தார்கள், ஓய்வு பெற்றவர், கொஞ்சம் சிடுசிடுப்பு. என்னைக் கூப்பிட்டு இது உங்கள் கையெழுத்துதானே என்றார். ஆமாம், ஆனால் அதில் எழுதியிருப்பது பொய் என்று சொன்னேன். இப்போது பதினோரு மணி, தயவுசெய்து மூன்று மணி வரை இருங்கள், எங்கள் இடத்தில் வந்து உட்கார்ந்து பாருங்கள், அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அவர் இருந்தார். மூன்று மணிக்கு டீச்சர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார், மூக்குக்கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார், கழுத்தை அப்படியும் இப்படியும் திருப்பினார். "என் நரைமுடிதான் தெரியுது, சிவப்பு எங்க இருக்கு?" என்றார். அப்போது அந்த மேனேஜர் என்ன செய்தான் தெரியுமா, ஓடிப்போய் ஒரு ஃபைலை விரித்துப் பிடித்து ஜன்னலுக்கும் திரைக்கும் நடுவில் நிழல் கொடுத்துக்கொண்டு நின்றான், இப்போ தெரியுதே மேடம், இப்போ தெரியுதே என்று. டாக்டரம்மா திரும்பிப் பார்த்து, "இவங்க வேலை பாக்கும்போது தினமும் நீங்க இப்படி வந்து நிப்பீங்களா?" என்று கேட்டார். அவன் ஃபைலை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். இரண்டு நாளில் எல்லாத் திரையும் வெள்ளைக்கு வந்தது, பூட்டையும் எடுத்துவிட்டார்கள், யாருக்கு எது கண்ணுக்கு ஒத்துக்கொள்கிறதோ அதை வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு சுற்றறிக்கை. அவனை வேறு கிளைக்கு மாற்றினார்கள். அங்கேயும் அதே பதவி, அங்கேயும் திரைகள் உண்டு. பொய்க் கையெழுத்துக்கு எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, அது நியாயம், வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஓட்டுநர் வீட்டுக்கும் போய்வந்தேன். பிழைத்துக்கொண்டார், ஆனால் இனி வண்டி ஓட்ட விடமாட்டார்களாம், பணிமனையில் உட்கார்ந்த வேலை. அவர் மனைவியிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன், திட்டுவாள் என்று தயாராகத்தான் போனேன். அவள் கேட்டது வேறு. "ஒருத்தங்க தினம் வந்து இவரு காலடியில உக்காந்து அழுதுட்டுப் போனாங்களே, அவங்க மேல தப்பில்லையா அப்போ?" என்றாள். நான் பொய்யில் கையெழுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்த நாட்களில் டீச்சர் அங்கே போய் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். விசாரணையில் அவள் மேல் குற்றம் இல்லை என்றாகிப் பதினோராம் நாள் வேலைக்குத் திரும்பினாள், எல்லாரும் எழுந்து கைகுலுக்கினார்கள், நானும் எழுந்தேன், என் கையை மட்டும் அவள் பார்க்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் நானே போய் எதிரில் உட்கார்ந்து, கையெழுத்தைத் திரும்ப வாங்கிவிட்டேன் டீச்சர் என்றேன். "வாங்கிட்டே, சரி. பதினோரு நாளா ஒரு மனுஷனைச் சாகக் கொடுக்கப் பாத்த பாவி நான்னு நெனச்சுக்கிட்டு இருந்தேனே, அதை யாரு திரும்ப வாங்குவா?" என்று கேட்டுவிட்டு டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து போனாள். இப்போது வேறு வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். வேலைக்கு வேண்டியதை மட்டும் பேசுகிறாள், அதிலும் என்னை நீங்கள் என்கிறாள், இருபத்திரண்டு வருடம் கழித்து.

உனக்கும் கீழே நாலு பேரை வேலைக்குப் போடப் போகிறார்கள் என்று அப்பா சொன்னார், சந்தோஷம். அதில் யாராவது ஒரு குறையை இரண்டாம் தடவை சொல்லிக்கொண்டு வந்தால் பதில் சொல்வதற்கு முன்னால் எழுந்து போய் அவர்கள் இடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார். அம்மாவாகச் சொல்வது இது ஒன்றுதான், மற்றதெல்லாம் நீ என்னைவிடப் படித்தவன். குளிரில் தலையை மூடிக்கொண்டு வெளியே போ, வயிற்றைக் காயப்போடாதே. உன் மேல் இருக்கும் கோபம் கோபம்தான், அதற்காக நீ நன்றாக இருக்க வேண்டும் என்று நினைக்காத நாள் கிடையாது, எந்தக் குறையும் உன்னை அண்டாமல் நீண்ட ஆயுளோடு இரு. ஒன்றை மறந்துவிடாதே, டீச்சர் அத்தையைக் கூப்பிட்டுப் பேசு. எண் மாறவில்லை. நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை, நீ கூப்பிட்டால் எடுப்பாள். என்ன பேசுவதென்று என்னைக் கேட்காதே.

இப்படிக்கு,
உன் நல்லதையே நினைக்கும்
அம்மா