அவர் பங்கு

12-11-1964, வியாழன். மாட்டுங்கா.

இவர் நிம்மதியாகத் தூங்குகிறார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

சர்க்கரை வியாதியில் மாமனாருக்குக் கால் போனதிலிருந்து, இவருக்கும் வந்துவிடக் கூடாதே என்று எனக்குப் பயம். காப்பியில் சர்க்கரையை நிறுத்தினேன். சாயங்காலம் ஃபைவ் கார்டன்ஸ் பூங்காவுக்கு நடக்க அழைத்துப் போனேன். இவர் சுற்றி வரும்வரை நான் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். பரிசோதனைக்கு மட்டும் வர மாட்டேன் என்று அடம். "நானும் பாத்துக்கறேன், வாங்கோ" என்று நேற்று இழுத்துப் போய், இருவரும் சிறுநீர் கொடுத்துவிட்டு வந்தோம்.

இன்று முடிவு கேட்க நான் மட்டும் போனேன். டாக்டர் இரண்டு கண்ணாடிக் குழாய்களைக் காட்டினார். இவருடையதில் மருந்து நீலமாகவே இருந்தது. என்னுடையது பச்சையாகியிருந்தது.

"உங்களோடதுலதான் மாமி கொஞ்சம் சர்க்கரை தெரியறது. வியாதின்னு இப்பவே சொல்ல மாட்டேன். நாளைக்கு வெறும் வயத்தோட வாங்கோ, ரத்தம் பாத்துடலாம். இனிப்பை விட்டுட்டு தெனம் நடந்தேள்னா, வராமலே தடுக்கலாம்."

எனக்கா? தீபாவளிக்கு அக்கம்பக்கத்தில் கொடுத்த லட்டு, மைசூர்பாகு எல்லாம் நினைவுக்கு வந்தன. இவர் கண்ணில் படக் கூடாது, வீணாகவும் போகக் கூடாது என்று அத்தனையையும் நான்தான் தின்று தீர்த்தேன்.

ஆபீஸிலிருந்து வந்ததும் கேட்டார். "உங்களுக்கு ஒண்ணுமில்லையாம்" என்றேன். என்னுடையதைச் சொல்லாமல் காப்பி கலக்கப் போனேன்.

"நான் அப்பவே சொன்னேனே! நாளைலேர்ந்து காப்பிக்கு சக்கரை போடுடி."

காலையில் ஒரு டம்ளர் காப்பிதான் கலக்கப் போகிறேன். உனக்கு எங்கே என்று கேட்பாரா?