நாலாயிரம் செதில்

3ஆம் தேதி, திங்கள்

அன்புள்ள அண்ணிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். வாசலிலேயே கைபேசியை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். மூன்று வாரத்துக்கு நமக்குத் தபால்தான் கதி.

அண்ணி, இங்கே நடப்பதை எங்கிருந்து சொல்ல ஆரம்பிப்பது! பெரிய பழைய கிடங்கு, கூரையெல்லாம் கண்ணாடி. நாற்பது மேஜைகள். நடுவில் ஒரு முழுக் குதிரை எலும்புக்கூடு நிற்கிறது. மாயாஜால மிருகங்கள் வரையக் கற்றுக்கொள்ள வந்த இடத்தில் இது எதற்கு என்று எனக்குச் சிரிப்பு வந்தது. பயிற்சி தருகிறவர் என்னைவிட இரண்டு வயது சின்னவர். இறக்கை வரைவதில் கில்லாடி என்பதால் எல்லாரும் அவரை வௌவால் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அதில் அவருக்கும் பெருமைதான். அவர் எலும்புக்கூட்டின் தோளைத் தட்டி, "றெக்கை இங்கேருந்துதான் முளைக்கணும். எந்த எலும்புல மாட்டுதுன்னு தெரியாம வரைஞ்சா அது பறக்காது, ஒட்டி வெச்ச மாதிரி தொங்கும்" என்றார். அப்புறம் பெரிய காகிதத்தில் கரிக்கட்டியால் வரைந்தார். பத்தே நிமிஷம். குதிரை இறக்கையை விரித்ததும் முன்வரிசையில் இருந்தவர் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். சத்தியமாக!

விண்ணப்பத்தோடு நாங்கள் அனுப்பிய படங்களைச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். என்னுடையதும் இருக்கிறது. ஒரே தொல்லை, என் வலப்பக்கம் ஒரு இடக்கைக்காரர். கோடு இழுக்கும்போதெல்லாம் முழங்கையும் முழங்கையும் முட்டிக்கொள்கின்றன. நம் சாப்பாட்டு மேஜையில் சேர்ந்து வரையும்போது நீங்கள் ஏன் எப்போதும் இடது ஓரத்து முக்காலியில் உட்காருகிறீர்கள் என்று இன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. நாலு வருஷத்தில் ஒரு இடிகூட வாங்கியதில்லையே நான்.

உங்கள் வாலு

6ஆம் தேதி, வியாழன்

அன்புள்ள வாலுவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். உன் அண்ணனுக்கும் வாசித்துக் காட்டினேன். "றெக்கை முளைச்ச குதிரைக்கு லாடம் எதுக்கு?" என்று கேட்டுவிட்டு டிவி பார்க்கப் போய்விட்டார். இந்த மனிதரைத் திருத்தவே முடியாது.

எனக்கோ வேலையே ஓடவில்லை. பம்ப் கம்பெனியில் உட்கார்ந்து வரைபடத்தில் அளவு போடும்போதெல்லாம் அந்தக் குதிரைதான் கண்ணுக்குள் நிற்கிறது. இன்றைக்கு ஒரு போல்ட்டுக்கு மரை போடவே மறந்துவிட்டேன். மேனேஜர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். வீட்டுக்கு வந்தால் மேஜை ரொம்பப் பெரிதாகத் தெரிகிறது. நீ இல்லாமல் யாருடைய படத்துக்கு நான் செதிலும் ரோமமும் போடுவது?

எந்தப் படத்தை அனுப்பினாய் என்று சொல்லவே இல்லையே. தொப்பி போட்ட முயலா? உன் அறையைப் பெருக்கப் போனபோது பார்த்தேன், சுவரில் ஆணி மட்டும் இருக்கிறது. கலங்கரை விளக்கத்தின் மேல் டிராகன் இறங்குகிற படத்தை, "என் ரூம்ல மாட்டிக்கறேன் அண்ணி" என்று கெஞ்சி வாங்கிக்கொண்டாயே, அது எங்கே? கண்ணாடி போடக் கொடுத்திருக்கிறாயா? நல்ல கடையாகப் பார்த்துக் கொடுத்தாயா? உன் கோட்டுக்குள் ஒன்பது வாரம் குனிந்து உட்கார்ந்து நான் போட்ட செதில் அது, நாலாயிரத்துக்கு மேல் இருக்கும். கறை பட்டால் எனக்கு வயிறு எரியும்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அண்ணி

9ஆம் தேதி, ஞாயிறு

அண்ணி,

நேரமே இல்லை, அதனால் கார்டு. களிமண்ணில் கையளவு பூதம் செய்து, பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தோம். அதன் நிழல் கூரைவரை எழுந்து நின்றது. நாற்பது பேரும் அண்ணாந்து பார்த்தோம். ஆமாம், படத்தைக் கண்ணாடி போடத்தான் கொடுத்திருக்கிறேன்.

வாலு

12ஆம் தேதி, புதன்

அன்புள்ள அண்ணிக்கு,

இதைப் படித்துவிட்டு நீங்கள் என்னைத் திட்டலாம். பேசாமலும் இருக்கலாம். பேசாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

படம் கண்ணாடிக் கடையில் இல்லை. இங்கே சுவரில் இருக்கிறது. அதற்குக் கீழே என் பெயர் மட்டும் இருக்கிறது.

நேற்று செதில் போடும் பயிற்சி. வௌவால் என் பின்னால் வந்து வெகுநேரம் நின்றார். அப்புறம் சுவருக்குப் போய் டிராகனைப் பார்த்தார். திரும்பி வந்து என் கையைப் பார்த்தார். "உங்க கோடெல்லாம் வலப்பக்கம் சாயுது. அந்தச் செதில்ல இருக்கறது எல்லாமே இடப்பக்கம் சாயுது. அது இடக்கைக்காரங்க போட்டது. யாரு அவங்க?" என்று கேட்டார். சத்தமாகக்கூடக் கேட்கவில்லை. பொய் சொல்ல வாயைத் திறந்தேன், வரவில்லை. "என் அண்ணி" என்று சொல்லிவிட்டு அழுதேன்.

அவர் என்னைத் திட்டவில்லை, அண்ணி. பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு எல்லாரையும் சுவர் அருகே கூப்பிட்டார். "ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இல்ல, பாருங்க. கழுத்து திரும்புற எடத்துல செதிலெல்லாம் நெருங்குது, வயித்துல விரியுது. இது மூச்சு இழுக்குது" என்றார். நாற்பது பேரும் வரிசையில் நின்று ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். என் பக்கத்து இடக்கைக்காரர் இரண்டாம் தடவையும் போய் வரிசையில் நின்றார். கடைசியாக நானும் பார்த்தேன். நாலு வருஷம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் நான் அதைப் பார்த்ததே இல்லை. என் கோடு பெரிசு, நீங்கள் அதை நிரப்புகிறீர்கள் என்றுதான் நினைத்திருந்தேன். அண்ணி, அந்த மிருகம் உயிரோடு இருக்கிறது. அதற்கு உயிர் கொடுத்தது நீங்கள்.

பிறகு வௌவால் சொன்னார்: "இந்தப் படத்துக்காகத்தான் இந்த எடம் கெடச்சுது. நாற்காலி ஒண்ணுதான். கடைசி வாரம் அதுல யார் உக்காரணும்னு நீங்க ரெண்டு பேருமே பேசி முடிவு பண்ணுங்க."

பேச என்ன இருக்கிறது? நீங்கள் வாருங்கள். நான் பெட்டியைக் கட்டிவிட்டேன். மன்னித்துவிடுங்கள்.

வாலு

15ஆம் தேதி, சனி

வாலு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் அதைத் தொடவில்லை. உன் அண்ணன் கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல, தலைவலி" என்றேன். அவர் டிவியை அணைத்துவிட்டார். அப்படியானால் என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நீயே யோசித்துக்கொள்.

பெயர் போடாதது பெரிய விஷயம் இல்லை. கேட்டிருந்தால் "உன் பேரையே போட்டுக்கோ" என்றுதான் சொல்லியிருப்பேன். அது உனக்கும் தெரியும். தெரிந்தும் கேட்கவில்லையே, அதுதான் வலிக்கிறது. கார்டில் வேறு பொய் எழுதினாய்.

உன்னிடம் சொல்லாத ஒன்று என்னிடமும் உண்டு. நாலு வருஷமாக நீ போட்ட கோட்டுக்குள்தான் நான் இருந்தேன். ஒரு தடவையாவது முதல் கோட்டை நான் போட வேண்டும் என்று ஆசை. நீ கேட்பாய் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீயும் கேட்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. அந்தக் குதிரையைப் பற்றி நீ எழுதிய நாளிலிருந்து கம்பெனி வரைபடங்களின் பின்பக்கமெல்லாம் இறக்கையாக வரைந்து வைத்திருக்கிறேன். பதினேழு ஆகிவிட்டது. ஒன்றுகூடப் பறக்கவில்லை. எலும்பு எங்கே மாட்டுகிறது என்று எனக்கும் தெரிய வேண்டும்.

ஒரு வாரம் லீவு போட்டுவிட்டேன். பயிற்சி அலுவலகத்துக்கும் போன் செய்து வௌவாலிடமே பேசினேன். நாற்காலி ஒன்றுதான் என்றார். உட்கார நானே கொண்டுவந்தால் என்றேன். சிரித்துவிட்டுச் சரி என்றார்.

அதனால் கட்டிய பெட்டியைப் பிரித்து வை. எழுந்து போகிற வேலையெல்லாம் வேண்டாம். கோபம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது, அதையும் தூக்கிக்கொண்டுதான் வருகிறேன். இந்தத் தடவை கோடு நான் போடுவேன். ஒன்பது வாரம் ஆனாலும் செதில் முழுவதும் நீதான் போட வேண்டும்.

திங்கள் காலை வண்டியில் வருகிறேன். சாப்பாட்டு மேஜை முக்காலி கையோடு வருகிறது. உன் இடப்பக்கம் இடம் பிடித்து வை.

அண்ணி