தொண்ணூற்றொன்பது முறை பொங்காத பால்

மார்ச் 3, செவ்வாய்

சோதனை எண் 61. பால் பொங்கவில்லை; அடுப்பு அணைந்திருந்தது. வெற்றி.

பிறருடைய மிக்ஸியையும் இஸ்திரிப் பெட்டியையும் இருபத்திரண்டு ஆண்டுகள் சோதித்துக் குறை எழுதியவன், ஐம்பதாவது வயதில் சொந்தமாக ஒரு கருவி செய்து, அதில் குறை காண வழியின்றித் தவிக்கிறேன். என்ன இனிமையான தவிப்பு!

கருவி எளியது. பாத்திரத்தின் விளிம்பில் ஒரு வெப்ப உணரி. பொங்கும் சூடு வந்ததும், அடுப்பின் திருகில் மாட்டிய சிறு கை அதைத் திருப்பி மூடிவிடும்.

விதி 1 (நானே வகுத்தது): சோதிப்பவர் கருவியின் அருகில் நிற்கக் கூடாது, பார்ப்பவரின் ஆசை முடிவைக் கெடுக்கும். ஆகவே முன்னறையில், சமையலறைக்கு முதுகு காட்டி அமர்ந்து, பத்து நிமிடம் கழித்தே உள்ளே போகிறேன்.

மார்ச் 6, வெள்ளி

74. வெற்றி. மைத்துனர் வந்தார். "பால் பொங்காம இருக்க ஒரு மெஷினா, மச்சான்? அதான் அக்கா இருக்காளே!" மனைவியும் சேர்ந்து சிரித்தாள். அறிவியலுக்கு முதல் எதிர்ப்பு வீட்டுக்குள்ளிருந்துதான் கிளம்பும்.

மார்ச் 11, புதன்

89. சமையல் கருவிகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றின் உரிமையாளர் 20ஆம் தேதி வீட்டுக்கே வந்து பார்க்கிறாராம்! பிடித்தால் தயாரிப்பார். பிடிக்காவிட்டால் 31ஆம் தேதி என் நீண்ட விடுப்பு முடிகிறது. மீண்டும் அதே அலுவலகம், அதே மேசை, யாரோ செய்த இஸ்திரிப் பெட்டி. அப்படி நேராது. தலை வாரும்போது விசிலடித்தேன். மனைவி எட்டிப் பார்த்தாள்: "என்னங்க, உடம்பு ஏதும் சரியில்லையா?"

மார்ச் 14, சனி

99!! (இரண்டு ஆச்சரியக்குறி இடுவது முறையன்று. இருக்கட்டும்.)

மார்ச் 15, ஞாயிறு

100. மனைவி தம்பி வீட்டுக்குப் போயிருந்தாள். ஆறாவது நிமிடமே கருகல் வாடை. ஓடினால் — மேடையெல்லாம் பால், தரையெல்லாம் பால். கருவியின் கை அசையவே இல்லை. தொண்ணூத்தொம்பது தடவை ஒழுங்கா செஞ்சதுக்கு இன்னிக்கு என்ன கேடு?

மாலையில் அவள் வந்ததும் சொன்னேன்.

"நான் இல்லல்ல, அதான்."

"நீ இல்லாததுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"தினமும் நான்தானே வந்து அணைக்கிறேன்."

"எல்லாத் தடவையுமா?"

"பால் பொங்கக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

துணியைக் கையில் கொடுத்தாள். துடைத்தேன். பாதியில் சிரிப்பு வந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவளும் உட்கார்ந்தாள்.

மார்ச் 16, திங்கள்

"அடுத்த அறையில துணி மடிச்சுக்கிட்டிருப்பியே, பால் பொங்கப் போறது எப்படித் தெரியும்?"

"சத்தம் அடங்கிடும்ங்க. முதல்ல உஸ்ஸுன்னு கத்தும். பொங்கறதுக்கு முன்னாடி கம்முனு ஆயிடும். உடனே எழுந்து போவேன்."

காதைக் கொடுத்துக் கேட்டேன். உண்மை! விளிம்பு சூடாவதற்குள் பால் தரைக்கு வந்துவிடுகிறது. சத்தமோ முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. வெப்ப உணரியைக் கழற்றி எறிந்தேன். (எறியவில்லை. பெயர்ச்சீட்டு ஒட்டிப் பெட்டியில் வைத்தேன்.) பழைய டேப்ரெக்கார்டரின் மைக்கைப் பொருத்தினேன். இனி என் கருவிக்குக் காது உண்டு.

மீண்டும் எண் 1.

மார்ச் 20, வெள்ளி

விதி 1, திருத்தம்: மனைவியும் அருகில் இருக்கக் கூடாது.

உரிமையாளருக்குப் பக்கத்து நாற்காலியில் அவளை உட்காரவைத்தேன். உஸ்ஸென்றது. அடங்கியது. அவள் எழுந்துவிட்டாள்!

"உட்காரு!" விருந்தினர் எதிரில் கத்திவிட்டேன்.

சமையலறையில் 'டக்.'

மூவரும் ஓடினோம். பால் விளிம்புவரை வந்து, யோசித்து, இறங்கிக்கொண்டிருந்தது.

"இன்னொரு தடவை காட்டுங்க சார்," என்றார் அவர். ஏழு முறை காட்டினேன். எட்டாவது முறைக்குப் பால் இல்லை.

ஏப்ரல் 2, வியாழன்

ஒப்பந்தத்தில் 'கண்டுபிடித்தவர்' என்ற இடத்தில் இரண்டு பெயர்கள். அவளுடையது முதலில்.

காலையில் கருவி மாட்டிய அடுப்பில் பால் இருந்தது. அவள் முன்னறையில் காலை நீட்டிச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தாள். சத்தம் அடங்கியது. அவள் பக்கத்தைப் புரட்டினாள்.

நான்தான் எழுந்து ஓடினேன்.