நீங்கள் சொல்லாமல் விட்ட வாக்கியம்

என் உயிரான உம்மாவுக்கு, உங்கள் மடியில் கடைசியாக உட்கார்ந்தவள் எழுதும் ஸலாம்.

வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். தமிழில் எழுதினால் வாப்பா படித்துவிடுவார். வியட்நாமிய மொழியில் எழுதினால் மூத்தவளான லாத்தா படித்துவிடுவாள். அதனால் போர்வைக்குள் கைபேசி வெளிச்சத்தில் எழுதுகிறேன். டான் சோன் நாட் விமான நிலையத்தில் இறங்கும் விமானம் கூரைக்கு மேல் போகும்போதெல்லாம் எழுதுவதை நிறுத்தி, யாராவது எழுந்துவிட்டார்களா என்று காது கொடுக்கிறேன்.

லாத்தாவுக்கு நிக்காஹ் முடிவாகிவிட்டது, உம்மா. நீங்கள் ஆசைப்பட்ட அதே காரைக்கால் மாப்பிள்ளைதான். வெள்ளிக்கிழமை மூவரும் புறப்படுகிறோம். விமான நிலையத்தில் ஊரார் பெட்டிகளை எடைபோட்டே பழகிய வாப்பா, இந்த வாரம் எங்கள் பெட்டிகளை எடைபோட்டுக்கொண்டிருக்கிறார். நீங்கள் கண்மூடிய பிறகு அவர் சிரித்து இப்போதுதான் பார்க்கிறேன். அந்தச் சிரிப்பைக் கெடுத்துவிடுவேனோ என்றுதான் பயம்.

இந்த வாரம் உயிரியல் வகுப்பில், செல் தன் டிஎன்ஏவை எப்படிப் படியெடுக்கிறது என்று பாடம் நடந்தது. ஒரு செல் இரண்டாகப் பிரிவதற்கு முன், தன்னிடமுள்ள எழுத்துகள் அத்தனையையும் பிரதி எடுத்துக்கொள்கிறதாம். முறுக்கிக் கிடக்கும் இரண்டு இழைகளை ஹெலிகேஸ் என்ற நொதி பிரித்துக்கொண்டே போகும். பின்னால் வரும் பாலிமரேஸ், பழைய இழையின் ஒவ்வோர் எழுத்துக்கும் ஜோடியைத் தேடி வைக்கும். ஓர் இழையைத் துண்டு துண்டாகத்தான் எழுத முடியுமாம். அந்தத் துண்டுகளை லைகேஸ் ஒட்டும்.

பாலிமரேஸ் தப்பான எழுத்தை வைத்துவிட்டால், ஓர் அடி பின்னால் போய், அதை எடுத்துவிட்டு, சரியானதை வைத்த பிறகுதான் மேலே நகரும். ஆசிரியை இதைச் சொன்னதும் உங்கள் விரல்தான் நினைவுக்கு வந்தது. ரமழானில் நாம் இருவரும் மாறி மாறிக் குர்ஆன் ஓதுவோமே. ஒருவர் ஓத, மற்றவர் கூடவே பார்த்துக்கொண்டு வருவோம். பிழை வந்தால் வாயால் சொல்வதில்லை. முழங்காலில் ஒரு தட்டு. தட்டு வாங்கியவர் அந்த ஆயத்து வசனத்தின் தொடக்கத்துக்குப் போய்த் திரும்ப ஓத வேண்டும்.

"எங்க தப்புன்னு கேக்காத புள்ள. திரும்பி வந்தா தானா தெரியும்" என்பீர்கள். நான் தட்டினாலும் திரும்பி வருவீர்கள். சின்னவள் தட்டுகிறாளே என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

என் பக்கத்து மேசை லான் எழுந்து, "அப்போ எனக்கு எங்கப்பா மூக்கு வந்தப்ப அந்த நொதி தூங்கிட்டு இருந்துச்சா?" என்று கேட்டாள். "மூக்கு பிழை இல்லம்மா, சரியான பிரதி. அதுதான் உன் பிரச்சினை" என்றார் ஆசிரியை. வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அப்புறம் அவர் இன்னொன்று சொன்னார். பாலிமரேஸ் கவனிக்காமல் விட்ட பிழைகளைத் தேடித் திருத்த வேறு சில புரதங்கள் உண்டாம். சில குடும்பங்களில், அவற்றைச் செய்வதற்கான எழுத்திலேயே பிழை இருக்குமாம். அது பெற்றவரிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும். திருத்தாத பிழைகள் சேர்ந்து சேர்ந்து, இளம் வயதிலேயே குடலில் புற்று வரும். உங்கள் டாக்டரும் இதைத்தானே சொன்னார்? அதற்குப் பிறகு பாடம் என் காதில் விழவில்லை.

அந்த அறை உங்களுக்கு நினைவிருக்கிறதா, உம்மா? வாப்பாவுக்குத் தெரிந்த வியட்நாமிய மொழி விமான நிலையத்தோடு சரி. இங்கேயே பிறந்த நீங்கள்தான் எங்கு போனாலும் அவருக்குக் காது. அன்று உங்கள் நோயை நீங்களே ஒவ்வொரு வாக்கியமாக அவருக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். பிறகு டாக்டர் சொன்னார்: "இது குடும்பத்தில் இறங்கும் வகை. பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பெரியவளை இப்போதே பரிசோதிக்க வேண்டும். சின்னவளுக்குப் பதினெட்டு ஆகட்டும். முன்கூட்டியே தெரிந்து, ஒழுங்காகக் குடலைப் பார்த்துக்கொண்டே வந்தால் காப்பாற்றலாம்."

"என்ன சொல்றாஹ?" என்று வாப்பா குனிந்தார்.

"மாத்திரைய நேரத்துக்குச் சாப்பிடணுமாம்" என்றீர்கள்.

பக்கத்தில் இருந்த என் விரல், என்னைக் கேட்காமலேயே உங்கள் முழங்காலில் தட்டியது. அன்று மட்டும் நீங்கள் திரும்பிப் போகவில்லை. என் விரலைப் பிடித்து, எழுந்திருக்கும்வரை கைக்குள்ளேயே வைத்துக்கொண்டீர்கள்.

வாப்பா வண்டி எடுக்கப் போனபோது சொன்னீர்கள்: "லாத்தாவுக்குச் சம்பந்தம் பேசிட்டு இருக்கோம் புள்ள. இப்ப இதச் சொன்னா யாரு கட்டுவாஹ? நேரம் பாத்து நானே சொல்றேன்."

அந்த நேரம் உங்களுக்குக் கிடைக்கவில்லை. எனக்குக் கோபம் இல்லை, உம்மா. உங்கள் கூடப்பிறந்த லாத்தாவும் இதே வயதில் வயிற்று வலியில்தானே மவுத்தானார்கள்? அன்று அவர்கள் முகம் உங்களுக்கு நினைவுக்கு வந்ததா? உங்கள் எழுத்துகளில் எந்தப் பாதி எனக்கு வந்தது? எந்தப் பாதி லாத்தாவுக்கு?

இன்று மாலை லாத்தா உங்கள் பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். "உம்மாட்டேருந்து எனக்கு என்ன வந்திருக்கு, சொல்லு? இடுப்பா, கோவமா?" என்று கேட்டாள். நான் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். "கல்யாணம் எனக்குடி. நீ எதுக்கு அழுவுற?" என்று கதவைத் தட்டினாள்.

சொன்னால் சம்பந்தம் முறிந்துபோகலாம். வாப்பா மறுபடியும் பேசாமல் சாப்பிட்டு எழுந்து போகலாம். லாத்தா என் முகத்தைப் பார்க்காமல் இருக்கலாம். இருக்கட்டும். பார்க்காமல் இருப்பதற்காவது அவள் இருக்க வேண்டும் அல்லவா?

காலையில் சுப்ஹு தொழுதுவிட்டு வாப்பா ஓத உட்காருவார். லாத்தாவும் பக்கத்தில் இருப்பாள். நான் போய் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, வாப்பாவின் முழங்காலில் தட்டுவேன். எங்கே பிழை என்று அவர் நிமிர்ந்து பார்ப்பார். டாக்டர் சொன்னதைத் தொடக்கத்திலிருந்து சொல்வேன். நீங்கள் விட்ட இடத்தை விடாமல் சொல்வேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உம்மா, இந்த முறை என் விரலைப் பிடித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் எழுத்துகளில் பாதியைச் சுமக்கும்,
உங்கள் சின்ன மகள்