அலையாத்திக்குள் புதைத்த எண்ணெய்

எண்ணூர்,
மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள அறிவுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் மூன்று பேரும் இங்கே எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நல்ல சுகம் என்று பொய் எழுத மனசு வரவில்லை, நீ பஹ்ரைனில் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நினைத்தால்தான் எனக்குக் கொஞ்சம் தெம்பு வருகிறது. போன வாரம் உன் மாமன் டில்லிபாபு உனக்குப் போன் போட்டு வெகுநேரம் பேசினான் என்று உன் தங்கை மாயாவிடம் சொன்னாயாம். அதற்குப் பிறகு நீ எனக்குப் போட்டபோது சாப்பிட்டியாம்மா தூங்கினியாம்மா என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் பங்குக்கு அவன் சொல்லிவிட்டான். போனில் சொல்லலாம் என்றால் எனக்கு அழுகையும் ஆத்திரமும் முந்திக்கொள்ளும், நீயும் அங்கே கத்துவாய். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். மாயாவுக்குத் தெரிந்த பிராங்கிளின் என்கிற பையனின் தங்கை வீட்டுக்காரர் லீவு முடிந்து அங்கே திரும்புகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். வழக்கமாக அனுப்புகிற இறால் கருவாடு இந்தத் தடவை இல்லை. ஏன் இல்லை என்பதும் இதில்தான் இருக்கிறது.

கார்த்திகை மழையில் வெள்ளம் வந்தபோது கம்பெனி எண்ணெய் ஆற்றில் இறங்கியது உனக்குத் தெரியும், ஆனால் போனில் நாங்கள் முழுக்கச் சொல்லவில்லை. வெள்ளம் வடிந்தால் சேறு இருக்கும், கழுவிவிட்டுக் குடியிருப்போம், அது பழகினதுதான். இந்த முறை வடிந்த இடத்தில் கருப்பாக ஏதோ பூசிவிட்டுப் போயிருந்தது. காலை வைத்தால் ஒட்டிக்கொள்ளும், இழுத்தால் நூல் நூலாக வரும். சுவரில், கட்டில் காலில், உன் நைனாவின் வலையில், மாயாவின் புத்தகப் பையில் எல்லாம் அதுதான். சோறு வடித்தால் சோற்றில் பெட்ரோல் வாடை, தண்ணீர் குடித்தால் அதே வாடை, தலையணையில் முகத்தை வைத்தால் அதே வாடை. பக்கத்து வீட்டு முத்தம்மா வாந்தியெடுத்துக்கொண்டே அடுப்பு மூட்டினாள். பார்க்க வந்த அதிகாரிகள் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு காரைவிட்டு இறங்காமலே போனார்கள். எங்களுக்கு மட்டும் மூக்கு இல்லை என்று நினைத்தார்கள் போலிருக்கிறது.

அப்போதுதான் பிராங்கிளின் வந்தான். ராயபுரத்தில் நாய் பூனைக்கு மருந்து கொடுக்கிற டாக்டரிடம் கம்பவுண்டராக இருக்கிற பையன், லீவு நாளில் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு கரையில் அடிபட்டுக் கிடக்கிற ஆமை, பறவை எல்லாவற்றையும் எடுத்து வைத்தியம் பார்க்கிறவன். மாயா அவர்கள் கூட்டத்தில் சேர்ந்திருந்தாள். வனத்துறையில் அனுமதி வாங்கி வந்தார்கள், தண்ணீர் வசதியும் மறைப்பும் இருக்கிறது என்று நம் வீட்டுப் பின்கட்டையே கேட்டார்கள். முதல் நாள் ஒரு கூழைக்கடாவைச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வெள்ளைப் பறவை, தார் டின்னில் முக்கி எடுத்த மாதிரி இருந்தது. என் துவைக்கிற கல்லில் வைத்தவுடன் வயிற்றில் இருந்த அழுகல் மீனையெல்லாம் கருப்பாகக் கக்கியது, என் கால் மேலேயே. இதை என் வீட்டில் வைக்காதே, தூக்கிக்கொண்டு போ என்று மாயாவைத் திட்டினேன். பிராங்கிளின் கோபப்படவில்லை. ஆன்ட்டி, அலக மட்டும் ரவ நேரம் புடிச்சுக்கோங்க, முழுசா மூடிறாதீங்க, இதுக்கு மூக்கால மூச்சு வராது, வாய் தொறந்தே இருக்கணும் என்றான். பிடித்தேன். என் கைக்குள் அது மூச்சு வாங்குவது தெரிந்தது. அதற்குப் பிறகு என்னால் திட்ட முடியவில்லை. சமையல் எண்ணெய் தேய்த்து அந்தக் கருப்பை இளக்கி, வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் துலக்குகிற சோப்பைக் கரைத்து, திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். கழுவின தண்ணீரைக்கூட ஆற்றில் விடாமல் டிரம்மில் பிடித்து வைத்தார்கள். பாதிக்கு மேல் செத்துப்போயின. பிழைத்தவற்றை வண்டியில் பழவேற்காட்டுப் பக்கம் கொண்டுபோய் விட்டார்கள். என் நகக்கண்ணில் அந்தக் கருப்பு இன்னும் இருக்கிறது.

இது ஒரு பக்கம் நடக்க, எண்ணெயை அள்ளுகிற வேலையைக் கம்பெனி ஒரு பெரிய கான்ட்ராக்டரிடம் விட்டது, அவனிடமிருந்து நம் டில்லி கீழ்க் கான்ட்ராக்ட் எடுத்தான். என் தம்பிக்கு நல்ல வேலை கிடைத்தது, நம் ஆறும் சுத்தமாகும் என்று நானும் சந்தோஷப்பட்டேன். அவன் ஆட்கள் கையுறை இல்லாமல், வெறும் மக்கும் வாளியுமாக இடுப்பளவு தண்ணீரில் நின்று அள்ளினார்கள், உடம்பெல்லாம் கொப்புளம். நான் கேட்டதற்கு, இன்னாக்கா நீ, நம்ப ஆளுங்கோ சேத்துலயே பொறந்து வளந்தவங்கோ, ஒண்ணியும் ஆவாது என்று சிரித்தான். அப்போதே எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. அள்ளின எண்ணெயை மூட்டை கட்டி லாரியில் ஏற்றி இதற்கென்று ஒதுக்கியிருக்கிற இடத்துக்கு அனுப்ப வேண்டும். மூட்டையை லாரி நிற்கிற இடம் வரை கொண்டுபோக மீன் பிடிக்க முடியாமல் சும்மா கிடந்த நைனாவின் படகையே டில்லி வாடகைக்குப் பேசினான்.

பொங்கலுக்கு முன்னால் ஆற்றில் மேல்தண்ணீர் தெளிந்துவிட்டது. அரசாங்கமும் கம்பெனியும் சுத்தம் செய்து முடித்தாகிவிட்டது என்று பேப்பரில் போட்டார்கள். ஆனால் பறவைகள் மட்டும் புதிது புதிதாக எண்ணெயோடு வந்துகொண்டிருந்தன. எங்கிருந்து வருகிறது என்று பிராங்கிளினுக்குப் புரியவில்லை. மாயாவும் அவனும் தண்ணீர் இறங்குகிற வற்று நேரத்தில் அலையாத்திக் காட்டுக்குள் போய்ப் பார்த்தார்கள். வேர்களுக்கு நடுவில் சேற்றைத் தோண்டி மூட்டை மூட்டையாகப் புதைத்து வைத்திருக்கிறார்கள், தண்ணீர் ஏறுகிற ஒவ்வொரு ஏற்றத்துக்கும் ஒரு மூட்டை கிழிந்து உள்ளே இருப்பது வெளியே வருகிறது. மாயா வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது நைனா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டை நகர்த்திவிட்டுக் கையைக் கழுவப் போனார். எனக்கு அந்த நொடியே தெரிந்துபோயிற்று.

கேட்டேன். மறைக்கவில்லை. முதல் சில நாள் மூட்டை லாரிக்குத்தான் போனதாம், அப்புறம் லாரி வருவது நின்றுபோச்சு, அலையாத்திக்குள் கொண்டுபோய் இறக்கு என்று டில்லி சொன்னானாம், பட்டப்பகலில், எல்லார் கண் முன்னாலேயே. நான் ஏத்தலைனா வேற ஒருத்தன் ஏத்திகினு போவப்போறான் கெங்கா, சும்மா குந்திகினு இருந்தா வூட்ல அடுப்பு எரியுமா என்றார். அறிவு, உன் நைனாவைப் பற்றி உனக்கு எழுதக் கை கூசுகிறது, ஆனால் எழுதாமல் இருந்தால் மாமன் சொன்னதற்கும் நான் சொல்வதற்கும் வித்தியாசம் இல்லாமல் போய்விடும். பின்கட்டில் மகள் பறவையைக் கழுவுகிறாள், முன்வாசல் வழியாகப் போய் அப்பன் அதே எண்ணெயை அதன் கூட்டுக்கடியில் புதைத்துவிட்டு வருகிறார், நடுவில் நான் இரண்டு பேருக்கும் சோறு போட்டிருக்கிறேன். அன்றைக்கு அவர் பக்கத்தில் உட்காரவே எனக்கு அருவருப்பாக இருந்தது. மாயா அழவில்லை, கத்தவில்லை. நைனா, அந்த எடத்த எனக்குக் காட்றியா என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் நான் எம்.கே.பி. நகருக்கு டில்லி வீட்டுக்குப் போனேன். வா அக்கா, குந்து, நல்ல நேரத்துல வந்த என்று இலை போட்டு வஞ்சிரம் வறுவல் வைத்தான். அலையாத்தியில் என்னடா செய்து வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். அவன் கை நிற்கவே இல்லை, சாப்பிட்டுக்கொண்டே பேசினான். எல்லாருக்கும் தெரியுங்கா, மேல கீற இன்ஜினியருக்கும் தெரியும், லாரி போச்சுனு பேப்பர்ல ரெடியா கீது, எங்க கொட்னா இன்னா, எல்லாம் மண்ணுதான, நம்ப ஆத்து மீன இனிமே எவன் துன்னப்போறான், இது காசிமேட்டு மீனு, ஆழ்கடல்ல புடிச்சது, நீ துன்னு என்றான். அந்த ஆற்று மீனைத் தின்றுதானடா நீ வளர்ந்தாய் என்று கேட்க நினைத்தேன். இலையை மூடிவிட்டு வந்துவிட்டேன். உனக்குப் பேசி வைத்திருக்கிற அவன் மகள் ரமாபாய் அடுப்படி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள், என்னை ஏன் அத்தை சாப்பிடாமல் போகிறீர்கள் என்று அவள் கேட்கவில்லை.

அதற்கு அடுத்த வாரம் சமுதாயக் கூடத்தில் கம்பெனிக்காரர்கள் ஒரு விழா வைத்தார்கள். கடலைக் காப்போம் என்று எழுதின நீல பனியனை எல்லாருக்கும் கொடுத்தார்கள், காலையில் கடற்கரையில் நின்று குப்பை பொறுக்குகிற மாதிரி போட்டோ எடுத்தார்கள், குடித்த தண்ணீர் பாட்டிலை அங்கேயே போட்டுவிட்டு வந்தார்கள். ஆற்றைச் சுத்தம் செய்தவர் என்று டில்லிக்குப் பொன்னாடை போட்டார்கள். அதே மேடையில் பறவைகளைக் காத்தவர்கள் என்று பிராங்கிளினையும் மாயாவையும் கூப்பிட்டார்கள். பிராங்கிளின் எழுந்திருக்கவில்லை. மாயா எழுந்து, எனக்கு வேணாம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். எல்லாரும் அவளைத் திமிர் பிடித்தவள் மாதிரி பார்த்தார்கள். அப்போது பின்வரிசையிலிருந்து நைனா எழுந்தார். அவர் கூட்டத்தில் பேசி நீ பார்த்திருக்க மாட்டாய், நானும் பார்த்ததில்லை. அந்தப் பொன்னாடையக் கயட்டு டில்லி என்றார். லாரில போச்சுனு நீ சொல்ற மூட்டைல முக்காவாசி அலையாத்திக்குள்ளதான் கீது, எம் படகுலதான் போச்சு, நான்தான் எறக்கினேன், எவன் வர்றானோ வாங்க, காட்றேன் என்றார். மைக் இல்லாமலே கூடம் முழுக்கக் கேட்டது.

என்ன நடந்தது தெரியுமா. யாரும் டில்லியைப் பார்த்துக் கேட்கவில்லை. மேடையில் இருந்த கம்பெனி அம்மா சிரித்த முகத்தோடு இதைத் தனியாகப் பேசிக்கொள்ளலாம் ஐயா என்றாள். உடனே டீயும் பப்ஸும் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். நம் தெருக்காரர்களே நைனாவிடம் வந்து, நிவாரணம் வர்ற நேரத்துல இன்னாத்துக்கு இந்த வேல என்று சண்டை போட்டார்கள். முத்தம்மா வீட்டுக்காரர் நைனாவின் காலடியில் துப்பினார். எண்ணெயில் வாந்தியெடுத்த வீடு அது. அந்தத் துப்பலைப் பார்த்தபோது எனக்கு எண்ணெயைவிட மனிதர்கள் மேல்தான் அதிகமாக அருவருப்பு வந்தது. ஆனால் ஒன்று, அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வரும்போது நான் நைனா பக்கத்தில்தான் நடந்தேன்.

பிராங்கிளின் விடவில்லை. வனத்துறை ஆட்களை அழைத்து வந்தான், நைனா முன்னால் படகை ஓட்டிக்கொண்டு போய் ஒவ்வொரு இடமாகக் காட்டினார். தோண்டத் தோண்ட மூட்டை வந்தது. இப்போது வழக்குப் போட்டிருக்கிறார்கள். யார் மேல் என்று நினைக்கிறாய், டில்லி மேலும் உன் நைனா மேலும். கம்பெனி கான்ட்ராக்டரைக் காட்டுகிறது, கான்ட்ராக்டர் டில்லியைக் காட்டுகிறான், டில்லி நைனாவைக் காட்டுகிறான். யாரும் சொல்லாமல் நானாகத்தான் கொண்டுபோய்ப் போட்டேன் என்று நைனா எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் மேலே இருப்பவர்கள் எல்லாவற்றையும் சுமுகமாக முடித்துவிடுவார்களாம், கல்யாணமும் பேசினபடி சித்திரையில் நடக்குமாம், இல்லையென்றால் எம் பொண்ணு உன் வூட்டு வாசப்படி மிதிக்காது என்று டில்லி ஆள் அனுப்பிச் சொன்னான். உன்னிடமும் இதைத்தான் பேசியிருப்பான், பாசத்தில் முக்கிப் பேசியிருப்பான்.

இதைக் கவனமாகப் படி. முந்தாநாள் ரமாபாய் தனியாக பஸ் பிடித்து வந்தாள். உள்ளே வந்து உட்காரவில்லை, வாசலில் நின்றபடியே பேசினாள். அத்தே, கல்யாணத்த நிறுத்தறேன்னு எங்க நைனா சொல்லிச்சு, எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல, நடக்கணுமா வேணாமானு நானும் அவரும் பேசிக்கிறோம், பெரியவங்க யாரும் நடுவுல வராதீங்க என்றாள். பிறகு, மாமாவ கையெழுத்துப் போட வெச்சுதான் இந்தக் கல்யாணம் நடக்கும்னா அந்தப் பந்தில நான் எப்படிக் குந்திச் சோறு துன்றது என்றாள். அவள் அம்மா போன பிறகு டில்லிக்கு அவளைத் தவிர யாரும் இல்லை, அவனை விட்டுவிட்டு வர முடியாது என்றும் சொன்னாள், தன் எதிரில் அவனைச் சபிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். சபிக்கவில்லை. டில்லி நான் இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. ஆனால் போனில் அவன் குரல் கேட்டால் வைத்துவிடுகிறேன், மறுபடி எப்போது அவனோடு பேச முடியும் என்று தெரியவில்லை.

நைனாவுக்குக் கை இரண்டும் முழங்கை வரை வெந்து தோல் உரிகிறது, ஆஸ்பத்திரிக்கு வா என்றால் வற்று முடியட்டும் என்கிறார். தண்ணீர் வற்றும் நேரமெல்லாம் மாயா, பிராங்கிளினோடு போய் மூட்டை எடுக்கிறார். முதலில் மூன்று பேர்தான் போனார்கள், இப்போது தெருவில் நாலைந்து படகு கூடப் போகிறது, துப்பின வீட்டுப் படகும் அதில் ஒன்று, நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை. இந்த வாரம் எண்ணெயோடு பறவை எதுவும் வரவில்லை. அது நல்லதா, இல்லை இங்கே வரவே பயந்துவிட்டனவா என்று மாயாவுக்கும் சொல்லத் தெரியவில்லை.

நீ வெயிலில் வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே, கப்பல் பட்டறையில் முகமூடி கொடுத்தால் கூச்சப்படாமல் போட்டுக்கொள். ரமாபாய்க்கு இந்தக் கடிதம் கிடைத்த அன்றே போன் போடு, எங்களுக்குப் பிறகு போடலாம். அவளும் நீயும் என்ன முடிவு செய்தாலும் எனக்குச் சம்மதம். எல்லையம்மன் உன்னை எந்த அழுக்கும் ஒட்டாமல் காப்பாற்றட்டும், நீ நூறு வருஷம் தலை நிமிர்ந்து இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. மாமன் மறுபடி உனக்குப் போன் போடுவான். நைனா கையெழுத்துப் போட மாட்டார் என்று அவனிடம் நீயே உன் வாயால் சொல்லிவிடு, நாங்கள் சொன்னால் அவனுக்குக் காதில் விழுவதில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா
கி. கெங்கம்மா