யார் மேலும் தப்பில்லையாம், யாழினி

என் கண்ணம்மா யாழினிக்கு,

உன் தம்பி இனியன் பிழைத்துக்கொண்டான். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் அவனுக்கும் உன்னைப் போலவே காய்ச்சல், பின்னாலேயே வலிப்பு. நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். "இவன் அக்கா மூளைக்காய்ச்சல்ல போயிட்டா டாக்டர், மூணு வயசுல" என்றேன். அந்த டாக்டரம்மா ரிசல்ட்டுக்குக் கூடக் காத்திராமல் மருந்தை ஏற்றச் சொன்னார்.

உனக்கு அப்படி யாரும் செய்யவில்லையே? பட்டாபிராம் கிளினிக்கில் சாதாரண வைரல் என்று சிரப் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்களே.

உன் சாவு வீட்டில் உன் அத்தை என்ன சொன்னாள் தெரியுமா? "பச்சப்புள்ளைய கிரெச்சுல உட்டுட்டு வேலைக்குப் போய்கினு இருந்தா இன்னா ஆவும்? எங்க ஊட்ல எந்தக் கொழந்தைக்கும் இப்டி ஆனதில்ல." உன் அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

இப்போது தம்பிக்கு மரபணுச் சோதனை செய்தார்கள். உங்கள் இருவரையும் தாக்கியது உதட்டில் கொப்புளம் உண்டாக்கும் சாதாரண வைரஸ்தானாம். பெரும்பாலான குழந்தைகளை ஒன்றும் செய்யாது. மூளைக்குள் அது நுழைந்தால் கண்டுகொண்டு உடம்பை உஷார்ப்படுத்த ஓர் ஏற்பி இருக்கிறதாம். அதன் மரபணுவில் இனியனுக்கு ஒரு மாற்றம். உனக்கும் அதுவே இருந்திருக்கும் என்கிறார் டாக்டர். வந்தது உன் அப்பாவிடமிருந்து. அவருக்கு இதுவரை ஒன்றும் ஆகவில்லை. எல்லாரையும் அது வீழ்த்துவதில்லையாம்.

உன் அத்தையிடம் சொன்னோம். "அது யாரு கையில கீது? யார் மேலயும் தப்பு இல்ல, வுடு" என்றாள்.

உண்மைதான், தப்பில்லை. ஆனால் அது அவர்கள் ரத்தம் என்று தெரிந்த பிறகுதானா இந்த நியாயம்? பழி என் தலையில் இருந்தவரை எங்கே போயிருந்தது?

அவள் மகள் சங்கீதா முழுகாமல் இருக்கிறாள். அம்மாவும் மகளும் சோதித்துக்கொள்வது நல்லது என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன்.

"வாய மூடு. சம்மந்தி ஊட்டுக்குத் தெரிஞ்சா எம்பொண்ணு வாழ்க்கை இன்னா ஆவறது?"

ஊரே கூடியிருக்க என்னைக் குற்றவாளியாக்கிய அதே வாய்.

இந்த முறை உன் அப்பா தலை குனியவில்லை. "அக்கா, சங்கீதாவுக்குத் தெரிஞ்சாவணும். நீ சொல்லலன்னா நாங்க சொல்லுவோம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சங்கீதா இருக்கும் கோவில்பதாகைக்குப் போகிறோம். அவள் குழந்தைக்குக் காய்ச்சல் அடித்தால் டாக்டரிடம் முதல் வார்த்தையாக என்ன சொல்ல வேண்டும் என்று சங்கீதாவுக்குச் சொல்லித் தருவேன். உன் பெயரைச் சொல்லித்தான் சொல்வேன். உள்ளே விடாவிட்டால் வாசலில் நின்றாவது சொல்லிவிட்டுத்தான் வருவேன். இது உன் மேல் சத்தியம்.

உனக்கும் இனியனுக்கும்
அம்மா