டயர்க் கடை வாசலில் கொட்டிய காங்கிரீட்

அன்புள்ள என் வாயாடி மகளுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் அப்படியே இருப்பாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். மனசுக்கு எப்படி என்று கேட்டால், அதைச் சொல்லத்தான் இத்தனை தாள் வாங்கி வைத்திருக்கிறேன். போனில் பேசலாமே, இது என்ன புதுப் பழக்கம் என்பாய். போனில் நீ அப்பா என்று இழுத்துக் கூப்பிட்டால் போதும், கோபத்தை எங்கே வைத்தேன் என்று எனக்கே தெரியாமல் போய்விடும், அப்புறம் நான் ஒரு கேலி நீ ஒரு கேலி என்று சிரித்துவிட்டு வைத்துவிடுவோம். தாளில் நீ நடுவில் பேச முடியாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பது உனக்குத் தெரியும், பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள், ஆனால் பிழையைப் பிடித்துக்கொண்டு விஷயத்தை விட்டுவிடாதே, அது உன் பழைய தந்திரம்.

பேக்கரியில் புது அடுப்பு வந்திருக்கிறது. பொத்தானை அமுக்கினால் தானே சூடாகிறது, தானே அணைகிறது, முதலாளி அதைப் பார்க்கிற பார்வையை இத்தனை வருஷத்தில் என்னை ஒரு நாளும் பார்த்ததில்லை. மாவு பிசைவது மட்டும் இன்னும் என் கையில்தான். விடியும் முன்னே போனால் மதியம்தான் வீட்டுக்கு வருகிறேன், அதுவரைக்கும் அம்மா தனியாகத்தான் இருக்கிறாள். இடுப்பு போய் அவள் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து எட்டு மாதம் ஆகிறது, இனி நடக்க வழியில்லை என்று டாக்டர் சொன்னபோது நீயும் கூடத்தான் நின்றாய். வீட்டுக்குள் அவள் அந்த நாற்காலியை ஓட்டுகிற வேகத்துக்கு நான்தான் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழி விடவேண்டும். ஆனால் வாசலில் இரண்டு படி இருக்கிறதே, அங்கே வந்து நின்றுவிடும். நானும் எதிர்வீட்டுக்காரரும் ஆளுக்கொரு பக்கம் தூக்கினால்தான் தெரு. போன மாதம் ஒரு நாள் நான் வேலை முடிந்து வந்தபோது அவள் ஜன்னலை விட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். தெருவுல யாரோ தடால்னு விழுந்தாங்க, ஓடிப் போய் யாருன்னு பாக்கக்கூட முடியல என்றாள். ஒரு நாளைக்கு நாலு தடவை தெருவை அளந்தால்தான் சோறு இறங்கும் என்று இருந்தவள் அவள். அன்றைக்கே முடிவு செய்தேன், படிக்குப் பக்கத்தில் நாற்காலி உருண்டு இறங்குகிற மாதிரி ஒரு சரிவு போட்டுவிடுவது என்று.

அளந்து பார்த்தால் பன்னிரண்டு அடி நீளம், அடியில் செங்கல் உடைசலை நிரப்பினால் மேலே அரை கன மீட்டர் காங்கிரீட் போதும். கலவை லாரி அனுப்புகிற கம்பெனிக்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்து எத்தனை மீட்டர் சார் என்று கேட்டது. அரை என்றேன். சார் எங்க லாரி டிரம்மைக் கழுவுற தண்ணியிலயே அவ்வளவு போயிடும் சார் என்றது. சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் சொன்னது, நல்ல பெண். சரி, நம் வீட்டு லாரி இருக்கும்போது ஊரான் லாரி எதற்கு என்று, கலவை லாரி ஓட்டுகிற உன் மாமனிடம் போனேன். உன் மாமன் லாரியில் தினமும் சாயங்காலம் டிரம்மில் மிச்சம் நிற்கும், அதை எங்கேயாவது கொட்டிக் கழுவாவிட்டால் உள்ளேயே கல்லாகிவிடும், கொட்ட இடம் தேடி அலைகிறேன் என்று அவனே எத்தனை நாள் புலம்பியிருக்கிறான். சிமெண்ட் மூட்டை வாங்கிக் கையால் கலந்துகொள்ளட்டுமா என்றும் கேட்டேன். வேணாம் அத்தான், ஒரே தடவையா ஊத்தினாதான் விரிசல் விடாது, நம்ம அக்காவுக்கு இல்லாத மிச்சமா, நீங்க பலகையை மட்டும் அடிச்சு வைங்க என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னான். நம்பினேன். என் மச்சான் சாப்பாட்டு விஷயத்தில் மட்டும்தான் பொய் சொல்வான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

பத்து நாள், பேக்கரியிலிருந்து வந்ததும் வராததுமாக அதே வேலை. மண்ணை வெட்டினேன், செங்கல் உடைசல் கொட்டித் திமிசு போட்டு இடித்தேன், இரண்டு பக்கமும் பலகை அடித்தேன், காங்கிரீட் ஒட்டாமல் இருக்கப் பலகைக்கு எண்ணெய் தடவினேன், கம்பி வலை விரித்தேன். அம்மா ஜன்னலில் உட்கார்ந்து, அந்தப் பலகை கோணல், இந்தப் பலகை உங்க மூக்கு மாதிரி இருக்கு என்று மேற்பார்வை செய்தாள். முதல் தடவை காத்திருந்தேன், மிச்சம் இல்ல அத்தான் என்று போன் வந்தது. இரண்டாவது தடவை, பெரிய கட்டடத்துல கடைசிச் சொட்டு வரைக்கும் வாங்கிட்டாங்க என்றான். மூன்றாவது தடவை வியாழக்கிழமை, கட்டாயம் வரும், அடியில தண்ணி தெளிச்சு வைங்க என்றான். தெளித்து வைத்தேன், காய்ந்தது, மறுபடி தெளித்தேன், மண்வெட்டியைக் கையில் பிடித்தபடி இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரைக்கும் பெண் பார்க்க வருகிறவர்களை எதிர்பார்க்கிற மாதிரி வாசலில் நின்றேன். ஆறரைக்குப் போன். இன்னைக்கும் இல்ல அத்தான்.

மறுநாள் அம்மாவின் நாற்காலிச் சக்கரத்தில் காற்று குறைந்திருந்தது, கழற்றி எடுத்துக்கொண்டு முக்கிலே இருக்கிற டயர்க் கடைக்குப் போனேன். கடை வாசலில் எப்போதும் தண்ணீர் தேங்குகிற பள்ளம் இருக்குமே, அது இல்லை. புதுசாகக் காங்கிரீட், இன்னும் ஈரம் போகாத சாம்பல் நிறம், நடுவில் ஒரு நாயின் காலடி வேறு. எங்கேயப்பா பிடித்தாய் என்று கடைக்காரரைக் கேட்டேன். உங்க மச்சான்தான் நேத்து சாயங்காலம் கொட்டிட்டுப் போனாரு, உங்க வீட்டுக்குத்தான் வெச்சிருந்தாராம், இப்ப அங்க வேணாம்னு சொல்லிட்டாங்களாமே என்றார். என் வீட்டில் வேண்டாம் என்று சொன்னது யார் என்று எனக்கே தெரியாதது அந்தக் கடைக்காரருக்குத் தெரிந்திருக்கிறது. காற்றடிக்கக்கூட மறந்து அப்படியே கிளம்பிவிட்டேன்.

அங்கிருந்து நேராக லாரி கழுவுகிற முற்றத்துக்குப் போனேன். உன் மாமன் டிரம்முக்குள் இறங்கி, உள்ளே ஒட்டிக் கல்லானதைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தான். வெளியே வாடா என்றேன். என் குரலைக் கேட்டதும் தட்டுவது நின்றது, ஆனால் ஆள் வரவில்லை. உள்ளே இருந்துகொண்டே சொன்னான். பாப்பாதான் போன் பண்ணுச்சு அத்தான், சரிவு கட்டிட்டா அப்பா அந்த வீட்டை விட்டு வரவே மாட்டாரு, ஆறு மாசம் எதையாவது சொல்லி இழுத்துடு மாமா, அதுக்குள்ள நான் இங்க வீடு பாத்து ரெண்டு பேரையும் கூட்டிக்கிறேன்னு சொல்லுச்சு என்றான். டிரம்முக்குள் எல்லாம் எதிரொலிக்கும், அதனால் நீ செய்ததை இரண்டிரண்டு தடவை கேட்டேன். கடைசியில் மெதுவாக ஒன்று சொன்னான், அதுவும் இரண்டு தடவை கேட்டது. அக்காவுக்கும் தெரியும் அத்தான்.

மகளே, உன் மாமன் ஏமாற்றினான், அவன் நாக்கு அப்படி என்று விட்டுவிடலாம். நீ தூரத்தில் இருக்கிறாய், என்ன சொன்னாலும் நான் மறுப்பேன் என்று பயந்திருப்பாய். ஆனால் அந்தப் பத்து நாளும் காங்கிரீட் வராது என்று தெரிந்தே உன் அம்மா ஜன்னலில் உட்கார்ந்து பலகை கோணல் என்று சொல்லியிருக்கிறாள் பார், அதுதான் எனக்கு ஆறவில்லை. வீட்டுக்கு வந்து சக்கரத்தை மாட்டிவிட்டுக் கேட்டேன், தெரியுமா என்று. தெரியும் என்றாள். ஏன் சொல்லவில்லை என்றேன். நாற்காலியை என் பக்கம் திருப்பினாள். அவ அப்பாகிட்ட சொல்லாதேன்னு சொன்னா, நீங்க கட்டுறேன்னீங்க, உனக்கு என்ன வேணும்னு ரெண்டு பேர்ல ஒருத்தரும் என்கிட்ட கேக்கல, பாட்டுப் பாடிக்கிட்டே வேலை செஞ்சீங்க, அதைக் கெடுக்கவும் எனக்கு மனசு வரல என்றாள். நிஜமாகவே நான் கேட்கவில்லை. அவளுக்காகத்தானே செய்கிறோம், இதில் கேட்க என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டேன். நீயும் அப்படித்தான் நினைத்திருப்பாய், என் பெண்தானே. ஆனால் நான் செய்ததை எல்லோர் கண் முன்னால் செய்தேன், நீ எனக்குத் தெரியாமல் செய்தாய். அந்த வித்தியாசத்தை நான் விடமாட்டேன்.

அப்புறம் கேட்டேன், என்ன வேணும் சொல்லு என்று. மக வீட்டுக்குப் போறதா வேணாமாங்கிறதை நாம அப்புறம் பேசிக்கலாம், எனக்கு அவளைப் பாக்கவும் ஆசைதான், ஆனா ஆறு மாசம் இந்த ஜன்னல்லயே உக்காந்துக்கிட்டு யோசிக்க என்னால முடியாது, முதல்ல நான் வாசலைத் தாண்டணும் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவைத் திறந்தால் உன் மாமன் நிற்கிறான், பக்கத்தில் தள்ளுவண்டி, அதில் சிமெண்ட் மூட்டை, மணல், ஜல்லி எல்லாம். தகரத்தைப் போட்டுக் கொட்டிக் கலக்க ஆரம்பித்தோம். நான் தண்ணீர் விட்ட அளவைப் பார்த்து, அத்தான் இதை எங்க கத்துக்கிட்டீங்க என்று அவனாகவே வாயைத் திறந்தான். தினமும் நாற்பது கிலோ மாவு பிசைகிறவனுக்கு எது இளகியிருக்கிறது எது கட்டியாக இருக்கிறது என்று நீ சொல்லித் தரவேண்டாம் என்றேன். போட்டு முடித்ததும் ஈரச் சாக்கை எடுத்து மூடினேன், அதற்கும் ஆச்சரியப்பட்டான், மாவையும் ஈரத் துணி போட்டுத்தான் மூடுவோம், தெரியாதா இவனுக்கு. சக்கரம் வழுக்காமல் இருக்க மூடுமுன் மேலே துடைப்பத்தால் கோடு இழுக்கச் சொன்னது மட்டும் அவன் யோசனை, நல்ல யோசனைதான், அவனிடம் சொல்லாதே. ஒரு வாரம் தினமும் சாக்கை நனைத்தேன். மேலே ஒரு ஓரத்தில் மயிரிழை விரிசல் விட்டிருக்கிறது, ஒரே தடவையாக ஊற்றாவிட்டால் விரிசல் விடும் என்று உன் மாமன் சொன்னது ஒன்றாவது உண்மையாகட்டும்.

சாக்கை எடுத்த அன்றைக்கு அம்மாவைப் பிடித்துக்கொள்ளப் பின்னால் போனேன். கையை எடுங்க என்றாள். எடுத்தேன். சரசரவென்று இறங்கிக் கேட்டில் போய் நின்று, திரும்பி, மறுபடி தானே தள்ளிக்கொண்டு ஏறி வந்தாள், மூச்சு வாங்கியது, நெற்றியெல்லாம் வேர்வை. அன்றைக்கு மட்டும் எட்டு தடவை. நாற்காலிக்கு இரண்டு சக்கரம் புதுசு வாங்க வேண்டியிருக்கும் போல.

உன் மேல் இன்னும் கோபம் இருக்கிறது, இந்தத் தாள் முடிவதற்குள் தீர்ந்துவிடும் என்று நினைத்தேன், தீரவில்லை. வா என்று நீ நேராகக் கூப்பிட்டிருந்தால் வரமாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன், அது உண்மை. ஆனால் அதைச் சொல்கிற வாய் எனக்கு இருந்தது, நீங்கள் மூன்று பேரும் சேர்ந்து அதை மூடினீர்கள். வீடு பார்த்திருந்தால் பார்த்தபடி இருக்கட்டும், முடிவு எதுவும் எடுக்காதே. எங்கள் இரண்டு பேரையும் ஒன்றாக உட்கார வைத்து ஒரே போனில் கேள். அங்கே வாசலில் எத்தனை படி என்பதையும் எண்ணி வைத்துக்கொள், உன் அம்மா முதலில் அதைத்தான் கேட்பாள்.

வேலைக்குப் போகும்போது காலையில் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போ, வெறும் காபியோடு ஓடாதே. ராத்திரி போனை நோண்டிக்கொண்டு படுக்காதே, மாமனோடு ரகசியம் பேசத்தான் அந்த நேரம் என்று இப்போது தெரிந்துவிட்டது. நல்லா இரு, நீண்ட நாள் இரு, நீ போகிற வாசல் எல்லாம் உனக்குத் திறந்திருக்கட்டும்.

இந்தக் கடிதத்தை ஒட்டாமல்தான் அம்மா மடியில் வைக்கிறேன். அவள் படித்துவிட்டு, இரண்டு இடத்தில் என்னைத் திட்டிவிட்டு, தபால் பெட்டி வரைக்கும் தானே போய்ப் போட்டுவிட்டு வருவாளாம். நான் கூட வருகிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டாள்.

உன் மேல் கோபமாக இருக்கும்
அப்பா